தொட்டித் தண்ணீரின் சூடு

அவாதிஃப் உடைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். இருபத்தாறு வருடமாக அதுதான் அவள் பிழைப்பு. எகிப்தில் பெனீ ஸுவைஃப் நகருக்கு எதிரே, நைல் ஆற்றின் மறுகரையில், பாலைவனத்தை ஒட்டி நிற்கும் சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் சிமெண்டையும் மணலையும் தண்ணீரையும் கிராம் பிசகாமல் அளந்து கலக்கி, ஒரு சாண் நீளத்துக்குச் சின்னச் சின்னக் கட்டைகளாக வார்ப்பாள். அவை ஒரு நாள் அச்சோடு ஈரப்பெட்டியில் கிடக்கும். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறும். இரண்டாம் நாள் சிலவற்றை எடுத்து எந்திரத்தில் வைத்து நொறுக்குவாள், இருபத்தெட்டாம் நாள் மிச்சத்தை. எந்திரம் எந்த எண்ணில் மடக்கென்று சத்தம் போடுகிறதோ அதை நோட்டில் எழுதிக் கையெழுத்திடுவாள். அந்த எண்தான் சிமெண்ட் பையில் அச்சாகி ஊரெல்லாம் போகும். இத்தனை நியூட்டன், இத்தனை மில்லிமீட்டர் என்று அலகெல்லாம் உண்டு. அதை யாரும் வாயால் சொல்வதில்லை. முப்பது என்றால் முப்பது.

"வீட்டுல ஒரு கிளாஸ் உடைஞ்சா ஒப்பாரி வெக்கறவ, அங்க போயி தெனம் முப்பது உடைச்சிட்டு வர்றா" என்பான் அவள் கணவன் ஃபிக்ரி.

ஃபிக்ரி சென்ட்ரிங் மேஸ்திரி. எட்டுப் பேரை வைத்துக்கொண்டு கட்டடங்களுக்கு முட்டுக் கொடுத்து, பலகை அடித்து, கான்கிரீட் போட்ட பிறகு பிரித்து எடுப்பவன். ஆட்கள் அவனை உஸ்தா என்பார்கள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வேலையில் சுத்தம். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. தளத்தைப் பிரிக்கும் நாளில் முதல் முட்டுக் கம்பை உஸ்தாதான் தட்டி எடுக்க வேண்டும், அதுவும் தன்னந்தனியாகக் கீழே நின்று. அவன் பிஸ்மில்லா சொல்லித் தட்டி, நிமிர்ந்து பார்த்து, தலையில் ஒன்றும் விழவில்லை என்றான பிறகுதான் மற்றவர்கள் உள்ளே வருவார்கள். தன் வேலையைத் தன் தலையை வைத்துச் சோதிப்பது! படித்த எஞ்சினியர்களிடம் இப்படியொரு வழக்கம் இருந்திருந்தால் உலகம் இன்னும் கொஞ்சம் ஒழுங்காக இருந்திருக்கும்.

ஆலையின் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் எஞ்சினியர் லுத்ஃபி. பாஷ்மொஹந்திஸ், அதாவது எஞ்சினியர் ஐயா, என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்ல செய்தியைத் தவிர வேறெதுவும் காதில் ஏறாத ஒரு வியாதி அவருக்கு, அவ்வளவுதான். அந்த வருடம் அவர் ஒரு புது சிமெண்ட் கொண்டுவந்தார். சூளையில் வெந்த கிளிங்கரோடு, நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மிகாமல், இரும்பு ஆலை வெளியே கொட்டும் உலைக்கசடும், தங்கள் சூளையே கக்கும் தூசும் சேர்த்து மாவாக அரைத்தார். விலைக்கு விலையும் குறைவு, பலத்துக்குப் பலமும் அதிகம், இரண்டே நாளில் முப்பது வரும் என்பது அவருடைய கணக்கு. "அடுத்தவன் குப்பை, நம்ம பலம்" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். குப்பை உயரும் கோபுரம் தாழும் என்பார்களே, கண்ணெதிரே உயர்ந்தது குப்பை. ஜூன் மாதம் அதன் முதல் கட்டைகளை அவாதிஃப் நொறுக்கியபோது எந்திரம் முப்பத்தொன்றைக் காட்டியது. லுத்ஃபி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பஸ்பூஸா இனிப்பு ஒரு தட்டு நிறைய வந்தது. பையில் 'இரண்டு நாளில் முப்பது' என்று சிவப்பில் அச்சடித்தார்கள்.

அந்த ஜூன் மாதத்தில் ஒரு சின்ன விஷயம் இருந்தது. தொட்டித் தண்ணீரைச் சூடேறாமலும் குளிராமலும் வைத்திருக்கும் எந்திரம் மே மாதமே செத்துப் போயிருந்தது. தொட்டித் தண்ணீர்தான் குழாய் வழியாக ஈரப்பெட்டியையும் சுற்றி வரும். அந்தத் தண்ணீர் எப்போதும் இருபது டிகிரியில் இருக்க வேண்டும், குளிராக இருந்தாலும் வெயிலாக இருந்தாலும். இந்த முறைப்படி சோதிக்கும் எந்த ஊர்ச் சோதனைக்கூடத்துக்கும் அதே இருபதுதான். ஏனென்றால் சிமெண்ட் ஒரு வெயில்பிராணி. சூட்டில் சீக்கிரம் இறுகும், குளிரில் சோம்பிக் கிடக்கும். எந்திரத்துக்கு மாற்றுப் பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், டாலர் கிடைக்கவில்லை என்றார்கள். சரி, வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டாள் அவாதிஃப்.

ஒரு நாளைக்கு மூன்று தடவை வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அவள் பார்ப்பதில்லை. அவளுக்கு முன்னால் இருந்தவரும் பார்த்ததில்லை. இருபத்தாறு வருடமாக இருபதைத் தவிர வேறெதையும் காட்டாத வெப்பமானியை எதற்குப் பார்ப்பது? மாதத்தின் முதல் நாள் காலையில், தேநீர் ஆறுவதற்குள், அந்த மாதம் முழுவதற்குமான இருபதுகளை வரிசையாக எழுதி முடித்துவிடுவாள். தொண்ணூறு இருபதுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கையெழுத்து. இதைத் தப்பு என்று அந்த ஆலையில் யாரும் நினைத்ததில்லை.

வெயில் காலம் முழுவதும் புது சிமெண்ட் பறந்தது. ஃபிக்ரி தலைகால் புரியாமல் திரிந்தான். சாதாரண சிமெண்ட் என்றால் தளத்தைப் பத்துப் பன்னிரண்டு நாளாவது முட்டோடு விட வேண்டும். இதை மூன்றாம் நாளே பிரித்துவிடலாம் என்று ஒப்பந்தக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். மூன்றாம் நாள் பிரித்தால் அதே பலகை நான்காம் நாள் அடுத்த வீட்டுக்குப் போகும். ஜூனில் ஒரு தளம், ஆகஸ்டில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. மூன்றிலும் ஃபிக்ரி மூன்றாம் நாள் கீழே நின்று முதல் முட்டுக் கம்பைத் தட்டினான், ஒரு விரிசல்கூட இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து பையைத் தட்டிக் காட்டி, "இந்த நம்பர் யாரு போட்டதுன்னு தெரியுமா? எம் பொண்டாட்டி போட்டது. வீட்டுல அவ சொல்றதை நான் நம்பறதில்ல. இதை நம்பறேன்" என்று ஊர் சிரிக்கப் பேசினான்.

நவம்பரில் எண்கள் இறங்கத் தொடங்கின. முப்பத்தொன்று இருபத்தொன்பதானது. பிறகு இருபத்தாறு. கசடை மாற்றினார்கள், அரவையை இன்னும் நைஸாக்கினார்கள், கிளிங்கரைத் திட்டினார்கள். ஒரு வாரத்தில் இருபத்துமூன்றுக்கு வந்து நின்றது.

அன்று காலை கட்டைகளை எடுக்கத் தொட்டிக்குள் கை விட்டபோது அவாதிஃபின் விரல்கள் சில்லிட்டன. கையை வெளியே எடுத்தாள், மறுபடி விட்டாள். ஜூலையில் இதே தண்ணீர் குளிக்கிற வெந்நீர் மாதிரி இருந்தது நினைவுக்கு வந்தது. அப்போதும் கை அறிந்தது, புத்திதான் அறியவில்லை. வெப்பமானியின் மேல் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். பதினேழு. பழைய நோட்டை எடுத்து ஜூலைப் பக்கத்தைத் திறந்தாள். இருபது, இருபது, இருபது, முத்து முத்தாக. அப்போது உண்மையில் முப்பதோ முப்பத்திரண்டோ இருந்திருக்கும்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சிமெண்டில் எந்தக் கோளாறும் வரவில்லை. சிமெண்ட் ஜூனிலும் இதே சிமெண்ட்தான். இருபது டிகிரியில் இரண்டு நாளில் இருபத்துநான்கோ இருபத்தைந்தோ தரக்கூடிய, யோக்கியமான சாதாரண சிமெண்ட். முப்பத்தொன்று என்பது கசடின் பலமும் இல்லை, லுத்ஃபியின் மூளையும் இல்லை, பெனீ ஸுவைஃபின் வெயில். வெயில் காலத்தில் கட்டடங்களிலும் அதே வெயில் அடித்தது, அதனால் ஃபிக்ரியின் தளங்கள் நின்றன. இனி வருவது குளிர்.

லுத்ஃபி அன்று மத்தியானமே வந்தார். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"மதாம் அவாதிஃப், வெயில் காலத்துல முப்பத்தொண்ணு. இப்ப இருபத்துமூணு. என்ன ஆச்சு?"

"பாஷ்மொஹந்திஸ், அது வந்து... தொட்டித் தண்ணி..."

"தண்ணி, காத்து, நிலாவெல்லாம் உங்க டிபார்ட்மெண்டு. நான் கேக்கலை. வெயில் காலத்துல எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே இப்பவும் செய்யுங்க."

"அப்படிச் செஞ்சா நோட்டுல இருக்கிறது..."

"நோட்டுல இருபதுன்னுதானே இருக்கு? உங்க கையெழுத்துதானே?" அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "நல்ல அழகான கையெழுத்து, மாஷா அல்லாஹ். அதை எதுக்குக் கெடுக்கணும்?"

அவர் ஒன்றும் தவறாகச் சொல்லவில்லை. எந்த நீதிபதி முன்னால் நிறுத்தினாலும் அவர் சொன்னதில் ஒரு வார்த்தை குற்றம் கிடையாது. குற்றமெல்லாம் நோட்டில்தான் இருந்தது, அவாதிஃபின் கையெழுத்தில். தண்ணீர் சூடாக இருந்தது என்று அவள் வாயைத் திறந்தால், ஆறு மாத இருபதுகளும் பொய் என்று அவளே ஒப்புக்கொண்டதாகும். பென்ஷனுக்கு மூன்று வருடம் பாக்கி. ஆலையை வாங்கிய புது முதலாளிகள் யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று பட்டியலோடு அலைகிறார்கள். போதாக்குறைக்குப் பொய்ப் பத்திரம் எழுதினாள் என்று போலீஸ் வேறு வரலாம். ஆப்பு அசைத்த குரங்கின் கதைதான். வாலை மாட்டிக்கொண்டது வேறு யாரோ இல்லை, அவளேதான்.

மறுநாள் வீட்டுக் குளியலறையில் இருந்த ஹீட்டர் கம்பியைக் கைப்பைக்குள் சுருட்டி எடுத்துப் போனாள். தொட்டிக்குள் இறக்கி சுவிட்சைப் போட்டாள். நான்காம் நாள் எந்திரம் முப்பதைக் காட்டியது. லுத்ஃபி கதவருகே வந்து எட்டிப் பார்த்து, "பாத்தீங்களா, நான் சொல்லலே?" என்று போய்விட்டார். அதுவரை அவள் செய்தது சோம்பேறித்தனம். அன்றிலிருந்து செய்தது வேறு. அந்த வித்தியாசம் அவளுக்கு நன்றாகவே தெரிந்தது, அதனால் சோறு இறங்கவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு வீட்டின் தளம், புது சிமெண்டில் ஃபிக்ரியின் நான்காவது. மூன்றாம் நாள் காலை அவன் ரொட்டியை ஃபூல் என்னும் மொச்சைக் கூழில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். அவள் எதிரே உட்கார்ந்து தண்ணீர்க் கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மகள் ரீஹாம் பிறந்ததிலிருந்து அவள் அவனை ரீஹாமின் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். "அபூ ரீஹாம், இன்னிக்குத்தான் பிரிக்கணுமா? இன்னும் நாலு நாள் விடலாமே."

"ஏன்?"

"குளிரா இருக்கே."

"குளிருன்னா நீ போத்திக்கோ. தளத்துக்கு எதுக்குப் போர்வை?" அவன் வாய் நிறையச் சிரித்தான். "நம்பர் போட்டவளே பயப்படறா பாரு! பையில முப்பதுன்னு போட்டிருக்கில்ல?"

"போட்டிருக்கு."

"பொய்யா அது?"

கேலியாகத்தான் கேட்டான். அவள் வாயைத் திறந்தாள். இருபத்தாறு வருடத்து நோட்டுகளும் கண்முன் வந்து நின்றன. "பொய்யில்ல" என்றாள். அவன் சுத்தியலை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அவள் அவனைப் போகவிட்டாள்.

அன்று அவள் வேலைக்குப் போய் எதை அளந்தாள், எதை நொறுக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு அவன் தலையெல்லாம் தூசியோடு விசிலடித்துக்கொண்டே வந்தான். அவள் வெங்காயம் நறுக்குகிற சாக்கில் நன்றாக அழுதாள். நின்றுவிட்டதே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. சின்ன அறைகள், கிட்டக் கிட்டச் சுவர்கள், அதனால் நின்றது. அடுத்தது?

அடுத்தது ஜனவரியில் வந்தது. ஆலைப் பக்கத்துக் கரையில் எழும்பும் புதிய நகரத்தில் ஹாஜி மெத்வல்லி என்ற ஒப்பந்தக்காரர் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார். ஏழு மீட்டர் அகலத்துக்கு நடுவில் தூண் இல்லை, மணமக்கள் ஆட இடம் வேண்டுமாம். அந்த வாரம் பாலைவனக் காற்று எலும்பைத் துளைத்தது, ராத்திரிகளில் நாலு டிகிரி, ஐந்து டிகிரி. சனிக்கிழமை கான்கிரீட் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை பிரிக்க வேண்டும் என்று ஹாஜி ஒற்றைக்காலில் நின்றார்.

சனிக்கிழமையே அவாதிஃப் ஒரு காரியம் செய்தாள். அதே சிமெண்டில் ஆறு கட்டைகள் கூடுதலாக வார்த்து, ஈரப்பெட்டியில் வைக்காமல், அச்சோடு ஈரச் சாக்கால் மூடி, சோதனைக்கூடத்துக்குப் பின்னால் வெயில் படாத முற்றத்தில் வைத்தாள். கட்டடத்தில் தளம் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே இதுவும் கிடக்கட்டும் என்று. செவ்வாய்க்கிழமை காலை அதை எடுத்து எந்திரத்தில் வைத்தாள். கைப்பிடியைத் திருப்பத் தொடங்கியதுமே மடக்கென்றது. பதினொன்று. எந்திரத்தில் கோளாறோ என்று இன்னொன்றை வைத்தாள். பதினொன்று. மூன்றாவது பத்தரை.

வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வாசலுக்கு ஓடினாள். ஃபிக்ரிக்கு போன் போட்டாள், எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை மேல்சட்டையோடு சேர்த்து ஆணியில் மாட்டிவிடுவது அவன் பழக்கம். புதிய நகரத்துக்குப் புறப்பட்ட ஆலை லாரி ஒன்றில் ஏறிக்கொண்டாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் எட்டுப் பேரும் மண்டபத்துக்கு வெளியே நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபிக்ரி மட்டும் உள்ளே, முட்டுகளின் காட்டுக்கு நடுவில், சுத்தியலோடு நின்றான்.

"அபூ ரீஹாம்! தட்டாதே!"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "என்ன? ரீஹாமுக்கு ஏதாவதா?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. முட்டுல கை வெக்காதே. வெளிய வா."

"பைத்தியமா ஒனக்கு? ஹாஜி நிக்கறாரு, ஆளுங்க நிக்கறாங்க..."

வெளியிலிருந்து ஒருத்தன் குரல் கொடுத்தான். "உஸ்தா, வீட்டுச் சண்டையைச் சைட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டியா?"

"கோட்டுப் போட்டு வந்திருக்காங்கப்பா, உஸ்தாவுக்கு ஊசி போடத்தான்!" என்றான் இன்னொருத்தன். சிரிப்பு எழுந்தது.

அவாதிஃப் அவர்களைத் தாண்டி உள்ளே போனாள். மண்டபத்தின் நடுமத்தியில் ஒரு காலி சாந்து வாளி கிடந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"பிரிக்கறதுன்னா என்னை வெச்சுக்கிட்டே பிரி."

சிரிப்பு அடங்கியது. ஹாஜி மெத்வல்லி வாசல்வரை வந்தார். கனத்த மனிதர், கழுத்தில் கம்பளித் துண்டு. "அம்மா, இந்தப் பலகை நாளைக்குக் காலையில வேற எடத்துல இருக்கணும். என்ன சங்கதி, சொல்லிட்டு எந்திரிங்க."

"உங்க பையில முப்பதுன்னு போட்டிருக்கு இல்ல, ஹாஜி? அது பொய். போட்டது நான்தான். தண்ணியச் சூடு பண்ணிப் போட்டேன். இதே சிமெண்டைக் குளிர்ல வெச்சு இன்னிக்குக் காலையில உடைச்சேன். பதினொண்ணு."

அவள் சொன்னதைக் கேட்டு ஃபிக்ரியின் முகம் போன போக்கை அவள் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துத்தான் பேசினாள். இரண்டு மாதம் யாரிடமும் சொல்லமுடியாமல் திருடனுக்குத் தேள் கொட்டியது போலக் கிடந்தவள், அத்தனை ஆண்களுக்கு முன்னால் வாளிமேல் உட்கார்ந்து கொட்டிவிட்டாள்.

ஹாஜி நம்பவில்லை. அவரைக் குற்றம் சொல்லமுடியாது. ஆலை முத்திரையோடு சான்றிதழ் அவர் பையில் இருந்தது, அதில் கையெழுத்தும் இருந்தது. "இது உங்க கையெழுத்தா?" என்றார்.

"என்னோடதுதான்."

"அப்ப கையெழுத்துப் போட்ட அவாதிஃபை நம்பறதா, வாளிமேல உக்காந்திருக்கிற அவாதிஃபை நம்பறதா?" என்று கேட்டுவிட்டு ஆலைக்கு போன் போட்டார். எல்லாரும் கேட்கட்டும் என்று சத்தத்தை ஏற்றி வைத்தார்.

லுத்ஃபியின் குரல் மண்டபத்துக்குள் தேனாக ஒழுகியது. "ஹாஜி, வணக்கம், வணக்கம்! எங்க சிமெண்டா? கண்ணை மூடிக்கிட்டுப் பிரிங்க. மதாம் அவாதிஃப் போட்ட நம்பர் அது. எங்க ஆலையோட தங்கம். இருபத்தாறு வருஷத்துல ஒரு பிசகு கெடையாது. யாராவது அவங்களைப் பத்தித் தப்பாச் சொன்னா நம்பாதீங்க."

ஹாஜி போனை அவள் பக்கம் நீட்டி, பார்த்தாயா என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். தன்னைப் பற்றிய புகழ்ச்சியைக் கேட்டு அப்படிக் கூனிப்போன மனுஷியை நான் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. அவள் சொன்னதையெல்லாம் அந்தப் பாராட்டு ஒரே மூச்சில் அழித்துவிட்டது.

"பாஷ்மொஹந்திஸ், நான்தான் பேசறேன்" என்றாள்.

போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "மதாம்? நீங்க எங்க இருக்கீங்க?"

"மண்டபத்துல. தளத்துக்கு நேர் கீழ உக்காந்திருக்கேன். இப்ப முட்டுகளை எடுக்கப் போறாங்க. நம்ம முப்பதை நம்பி."

வெளியே காற்று சாக்குகளைப் படபடவென்று அடித்தது.

"மதாம், மொதல்ல நீங்க அங்கேருந்து வெளிய வாங்க" என்றார் லுத்ஃபி. குரலில் தேன் இல்லை. "உடனே வாங்க. நாளைக்கு நோட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு என் ரூமுக்கு வாங்க. எல்லா நோட்டும்." போன் அணைந்தது.

கம்பி கட்டும் கிழவர் ஒருவர் ஆட்களோடு நின்றிருந்தார். மெதுவாகத்தான் கேட்டார். "முப்பதுன்னா அந்த ஆளு ஏன் அவங்களை வெளிய வரச் சொல்றாரு?"

வாசலுக்குள் ஒரு கால் வைத்திருந்தவன் அந்தக் காலை வெளியே எடுத்துக்கொண்டான். இன்னொருவன் சுத்தியலைத் தரையில் வைத்தான். ஹாஜி மெத்வல்லி தலையைத் தூக்கி மேலே பார்த்தார், பிறகு பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து வெளியேறினார். கடைசியாக ஃபிக்ரி வந்தான். போகிற வழியில் அவள் தோளைத் தொட்டு எழுப்பினான்.

முட்டுகள் அப்படியே நின்றன. மார்ச் மாதம்கூட ஆகட்டும், இனி அதை யாரும் தொட மாட்டார்கள். தன் சைட்டில் இப்படியொரு அசிங்கம் நடந்ததற்கு ஹாஜி யாரையாவது திட்டியாக வேண்டும், ஆலைக்காரன் பக்கத்தில் இல்லை. "ஃபிக்ரி, நீ போ. இதைப் பிரிக்க நான் வேற உஸ்தாவைப் பாத்துக்கறேன். வீட்டுல பொய் எழுதற ஆளை வெச்சுக்கிட்டு ஊருக்குக் கூரை போட வந்துட்டான்" என்றார். ஃபிக்ரி மேல்சட்டையை ஆணியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டான்.

ஊருக்குத் திரும்பும் மைக்ரோபஸ்ஸில் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. அவள் ஜன்னல் ஓரம், அவன் அவளை அடைத்துக்கொண்டு, அவனுக்கு அந்தப் பக்கம் முட்டைக்கோஸ் மூட்டையோடு ஒருவர். முழங்கால்கள் இடித்துக்கொண்டன. அவ்வளவு நெருக்கத்தில் இருந்தும் அவன் நேரே டிரைவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெரிந்துதான் இருந்தது அவளுக்கு. நாளைக்கு நோட்டுகள், லுத்ஃபியின் அறை, போலீஸ், பென்ஷன். அதெல்லாம் வரட்டும் என்று ஒரு வகையில் தயாராகவும் இருந்தாள். ஒரு மனிதனைத் தளத்துக்குக் கீழிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டோம், அது போதும் என்று நினைத்தாள். அப்படி நினைக்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

"ஜூன்ல பிரிச்சேனே" என்றான் ஃபிக்ரி திடீரென்று. குரல் தணிந்திருந்தது. "அப்ப ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது. வல்லாஹி, அல்லா மேல ஆணையா தெரியாது."

"ஆகஸ்டுல?"

"தெரியாது. நீ பிரிச்சதெல்லாம் இப்ப நல்லா இறுகியிருக்கும். நாளானா அதுவா பலம் ஏறிடும், அந்த வீடுகளுக்கு ஒண்ணும் ஆகாது..."

"வீட்டைக் கேக்கலை. அக்டோபர்ல?"

"தெரியாது."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. முட்டைக்கோஸ்காரர் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பள்ளிக்கூடத்துப் பக்கம் வீடு. டிசம்பர்ல. காலையில ஃபூல் தின்னுட்டுப் போனேன். போயி நான் கீழ நின்னேன்."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. குளிருகிறதே என்றுதான் தோன்றியது, எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான், நம்பவே காத்திருந்தான். இன்னொரு இருபதை எழுதுவது எவ்வளவு சுலபம் என்று அவள் கைக்குத் தெரியும்.

"தெரியும்" என்றாள் அவாதிஃப்.

அவன் தலையை ஆட்டினான், யாரோ வழி சொன்னதைக் கேட்டுக்கொண்டவன் போல. முன் வரிசையிலிருந்து ஒருவர் கையை நீட்டி, "பின்னாடி கட்டணம் குடுங்கப்பா" என்றார். இருபத்தொன்பது வருடமாக எந்த வண்டியில் ஏறினாலும் இரண்டு பேருக்கும் சேர்த்து அவன்தான் கொடுப்பான். அவள் பையைத் திறக்கப் போனாலே கோபம் வரும். அவன் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து முன்னால் நீட்டினான்.

"ஒரு ஆளுக்கு" என்றான்.

அவாதிஃப் வெள்ளைக் கோட்டின் பைகளில் துழாவினாள். பர்ஸை ஆலையிலேயே விட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள். முன்வரிசைக்காரர் கையை நீட்டியபடியே காத்திருந்தார். வண்டி நைல் பாலத்தில் ஏறியது. அவன் எழுந்து வழிவிட்டால் ஒழிய அவளால் அந்த இடத்தைவிட்டு அசைய முடியாது.